முதுகெலும்பில் பூத்த பூசணம்

மழைக்காலத்தில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்து வைத்துவிட்டு நாலு நாள் மறந்து போங்கள். திரும்பி வந்து பார்த்தால் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பூத்திருக்கும். அலமாரிக்குள் கிடக்கும் தோல் பெல்ட், ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய், சுவரோடு ஒட்டிய காலண்டரின் பின்பக்கம் என்று எதையும் அது விடுவதில்லை. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு, தின்ன ஏதாவது ஒன்று இருந்தால் அதற்குப் போதும்.

இந்த மூன்றும் வருஷம் முழுக்கக் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. அது நம் நுரையீரல். 37 டிகிரி சூடு, எப்போதும் ஈரம், வேண்டிய அளவு சத்து. போதாக்குறைக்கு, ஒவ்வொரு நாளும் நாம் இழுக்கும் மூச்சோடு நூற்றுக்கணக்கான பூசண விதைகளும் உள்ளே போகின்றன. ரொட்டிக்கு நாலு நாள் என்றால் நமக்கு இரண்டு நாள் போதும். ஆனால் எண்பது வயது வரை வாழ்ந்தவரின் நெஞ்சிலும் பூசணம் பூப்பதில்லை. ஏன்?

‘உயிருள்ள உடம்பில் எப்படிப் பூக்கும்?’ என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் ஓடியாடி விளையாடும் சில குழந்தைகளின் உடம்பில் பூக்கிறதே! அவர்களுடைய நுரையீரலில் முளைத்து, மெல்ல ஊர்ந்து, பின்னாலிருக்கும் முதுகெலும்பையே அரித்துவிடுகிறது. அரிதிலும் அரிதான இந்தக் குழந்தைகளைப் புரிந்துகொள்ளப் போய்த்தான், நம் எல்லோரையும் பூசணத்திடமிருந்து காப்பது எது என்று மருத்துவம் கற்றுக்கொண்டது.

பாதிரியார் பார்த்த பூ

1729இல் பியர் அந்தோனியோ மிக்கேலி என்ற இத்தாலியர் ஒரு பூசணத்தை உருப்பெருக்கியில் பார்த்தார். அவர் பாதிரியார், தாவரவியலாளரும்கூட. மெல்லிய தண்டு, அதன் உச்சியில் ஒரு குமிழ், குமிழைச் சுற்றிலும் மணிமணியாக விதைகள். தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவி அவர் நினைவுக்கு வந்தது. லத்தீனில் அந்தக் கருவியின் பெயரை ஒட்டி அதற்கு அஸ்பெர்ஜில்லஸ் என்று பெயர் வைத்தார்.

பொருத்தமான பெயர்தான். தெளிப்பதுதான் அதன் தொழில். அந்த விதைகளுக்கு ‘சிதல்’ என்று தமிழில் பெயர். ஒரு சிதலின் குறுக்களவு இரண்டு மூன்று மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் இருபது சிதல்களை வரிசையாக நிறுத்திவிடலாம். மூக்கு முடியும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைப் பிடித்துக்கொள்ளும், சிதலைப் பிடிப்பது கஷ்டம். அது நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். மக்கிய இலை, எருக்குழி, ஈர வைக்கோல், உளுத்த மரம் என்று மட்கும் பொருள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அஸ்பெர்ஜில்லஸ் உண்டு. ஆகவே தப்பி ஓட வழியில்லை. காப்பு உள்ளேதான் இருந்தாக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்த சிறுவர்கள்

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1950களில் ராபர்ட் குட் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் சில சிறுவர்களைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். கழுத்து நெறி கட்டிச் சீழ் பிடித்தது, ஆறியது, மறுபடி பிடித்தது. ஈரலில் சீழ்க்கட்டி, எலும்பில் சீழ், நுரையீரலில் தீராத சளி. எந்த மருந்துக்கும் முழுதாக அடங்கவில்லை. சிறுவர்கள் இறந்துபோனார்கள்.

கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு என்றால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் குறைவாக இருக்க வேண்டும். 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற ராணுவ மருத்துவர் அப்படி ஒரு சிறுவனைக் கண்டறிந்து எழுதியிருந்தார். மினசோட்டாச் சிறுவர்களின் ரத்தத்திலோ அந்தப் புரதங்கள் குறையவில்லை, வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தன. வெள்ளணுக்களுக்கும் பஞ்சமில்லை. படை இருக்கிறது, ஆயுதக் கிடங்கும் நிரம்பியிருக்கிறது, கோட்டை மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது.

அந்தச் சிறுவர்களின் திசுக்களை வெட்டிப் பார்த்தால் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒழிக்க முடியாத எதிரியைச் சுற்றி வெள்ளணுக்கள் சுவர் எழுப்பிச் சிறைவைக்கும்போது உண்டாகிற முடிச்சு இது. குருணை அரிசி போலிருப்பதால் குருணைக்கட்டி என்று நாம் சொல்லிக்கொள்வோம். 1957இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் இந்த நோய்க்கு வைத்த பெயரில் ‘மரணம் விளைவிக்கும்’ என்ற அடைமொழியும் இருந்தது. இன்று அந்த அடைமொழி போய் ‘நாள்பட்ட குருணைக்கட்டி நோய்’ என்றாகிவிட்டது. ஒரு நோயின் பெயரில் ‘மரணம்’ இருந்த இடத்தில் ‘நாள்பட்ட’ என்ற சொல் வந்து உட்காருவதற்கு எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

விழுங்கினால் மட்டும் போதாது

புதிர் அவிழ்ந்தது 1960களின் நடுவில். பால் குவீ, பியூலா ஹோம்ஸ் ஆகியோர் குட்டுடன் சேர்ந்து செய்த சோதனை எளிமையானது. நோயாளியின் வெள்ளணுக்களைச் சோதனைக் குழாயில் எடுத்துக்கொண்டு, சீழ் உண்டாக்கும் பாக்டீரியாவை அதோடு கலந்தார்கள். வெள்ளணுக்கள் பாக்டீரியாவை ஒழுங்காக விழுங்கின. ஆரோக்கியமானவரின் வெள்ளணுவுக்குள் போன பாக்டீரியா செத்தது. நோயாளியின் வெள்ளணுவுக்குள் போனதோ சௌகரியமாக உயிரோடிருந்தது.

வெள்ளணுக்களில் முன்வரிசைக்காரர் நியூட்ரோஃபில். ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை நம் எலும்பு மஜ்ஜை தயாரிக்கிறது. கிருமியைத் தொட்டதும் இது திடீரென்று ஆக்சிஜனை வாரி இழுக்கும். மூச்சு விடுவதற்காக இல்லை. இழுத்த ஆக்சிஜனை அரைகுறையாக எரித்துச் சூப்பர் ஆக்சைடு என்ற முரட்டுப் பொருளாக மாற்றுவதற்காக. இதற்கு ‘மூச்சு வெடிப்பு’ என்று பெயர். சூப்பர் ஆக்சைடு அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. காயத்தில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அதே திரவம். அதிலிருந்து பிளீச்சிங் பவுடரின் வீரியத்துக்குச் சமமான ஒன்றும் தயாராகிறது. அந்தக் கடைசிப் படியைச் செய்கிற புரதத்தின் நிறம் பச்சை. சீழும் முற்றிய சளியும் பச்சையாக இருப்பது அதனால்தான்.

(இங்கே ஒரு குறுக்குச் சால். அந்தப் பச்சைப் புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையுமின்றி வாழ்கிறார்கள். ஆகவே கிருமியைக் கொல்வது வெறும் பிளீச் வேலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் படியான சூப்பர் ஆக்சைடுதான் உயிர்நாடி.)

சூப்பர் ஆக்சைடு தயாரிக்கும் இயந்திரம் ஐந்து புரதத் துண்டுகளால் ஆனது. சும்மா இருக்கும்போது துண்டுகள் தனித்தனியாகக் கிடக்கும். கிருமி உள்ளே வந்ததும் ஓடிவந்து பூட்டிக்கொள்ளும். ஒரு துண்டு பழுதானாலும் இயந்திரம் ஓடாது. அதுதான் இந்த நோய். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் இரண்டு லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது.

இனி நம் ரொட்டிக்கு வருவோம். நமக்குள் போகும் சிதல்களில் பெரும்பாலானவற்றைக் காற்றறைகளில் காவலிருக்கும் வேறு வகை வெள்ளணுக்கள் விழுங்கிவிடுகின்றன. தப்பிய ஒன்றிரண்டு முளைத்து நூலாக நீளும். நூலை விழுங்க முடியாது, அது நியூட்ரோஃபிலைவிடப் பெரிது. எனவே நியூட்ரோஃபில்கள் நூலின் மேல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு மூச்சு வெடிப்பை வெளியே பாய்ச்சுகின்றன. நூல் கருகிப்போகிறது. நேற்றும் இது உங்களுக்குள் நடந்திருக்கக்கூடும். ரொட்டிக்கு இந்த வசதி இல்லை.

ஒரு பையனின் முதுகு

இப்போது ஒரு பையனைப் பார்ப்போம். இவன் ஒரு தனி ஆள் இல்லை. மருத்துவ இதழ்களில் வெவ்வேறு நாடுகளிலிருந்து திரும்பத் திரும்ப எழுதப்படும் வரலாறுகளைச் சேர்த்து நான் உருவாக்கிய பையன். ஏழு வயது என்று வைத்துக்கொள்வோம்.

கைக்குழந்தையாக இருக்கும்போது கழுத்தில் நெறி கட்டிச் சீழ் எடுத்தார்கள். மூன்று வயதில் ஈரலில் ஒரு கட்டி. ‘சத்து குறைவு’ என்று டானிக் கொடுத்தார்கள். இப்போது ஒரு மாதமாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே வலிக்கிறது என்கிறான். காய்ச்சல் இல்லை. எப்போதாவது இருமல். பள்ளிக்கூடம் போகிறான், வருகிறான். பை கனம் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

கீழே ஒரு நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். முதுகை வளைக்காமல், முழங்காலை மடித்து உட்கார்ந்து எடுக்கிறான். முதுகெலும்பில் நோயுள்ள குழந்தையைக் காட்டிக்கொடுக்கும் பழைய சோதனை இது. இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு ‘முதுகு வலிக்கிறது’ என்று சொல்லவும் தெரியாது. உட்கார மாட்டேன், நடக்க மாட்டேன், தூக்கு என்று அழும்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில், முதுகெலும்பை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு. எலும்பு சரியாக இருப்பது போலத்தான் தெரிகிறது. இதை நம்பக் கூடாது. முள்ளெலும்பின் தாது கிட்டத்தட்டப் பாதி கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே அதைக் காட்டும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதை முழுக்க வெளியே வருகிறது. நுரையீரல் திட்டு, அதை ஒட்டிய விலா எலும்பின் தலை, அது பொருந்தியிருக்கும் இரண்டு முள்ளெலும்புகள், எல்லாம் ஒரே தொடராக அரிக்கப்பட்டிருக்கின்றன. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடத்துக்குள்ளும் சீழ் எட்டிப்பார்க்கிறது. நெஞ்சுப் பகுதியில் தண்டுவடம் போகும் கால்வாய் குறுகலானது. கொஞ்சம் அழுத்தினாலும் கால்கள் துவண்டுவிடும்.

இந்தப் பாதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேறு காரணங்களால் நோயெதிர்ப்புச் சக்தி இழந்தவர்களுக்கும், உதாரணமாக ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் நியூட்ரோஃபில்களே இல்லாமல் போனவர்களுக்கும், அஸ்பெர்ஜில்லஸ் வரும். அவர்களிடம் அது ரத்தக் குழாய்களைத் துளைத்து, ரத்தத்தோடு எங்கும் பறக்கும். காய்ச்சலும் இருமலில் ரத்தமுமாக ஆர்ப்பாட்டம் செய்யும். நம் பையனின் கதை வேறு. இவனிடம் நியூட்ரோஃபில்கள் இருக்கின்றன, போய்ச் சூழ்கின்றன, கொல்ல முடியவில்லை. ரத்தக் குழாயைப் பூசணம் பெரும்பாலும் உடைப்பதில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் வழியே ஈரம் பரவுவது போல, நுரையீரல் உறையைத் தாண்டி, விலாவைத் தாண்டி, எது கிட்டே இருக்கிறதோ அதற்குள் ஊடுருவுகிறது. நுரையீரலுக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருப்பது முதுகெலும்பு. சந்தடியில்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

எல்லாரும் சொல்லக்கூடிய தவறான பெயர்

பையனுக்கு முதலில் வைக்கப்படும் பெயர் காசநோய். வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1779இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் முதுகு வளைந்து கால் செயலிழந்தவர்களைப் பற்றி எழுதிய நாளிலிருந்து, குழந்தையின் முதுகெலும்பு அரிக்கப்பட்டால் காசநோயை நினைப்பது மருத்துவ மரபு. இந்தியாவில் அது நியாயமான சந்தேகமும்கூட. முதுகெலும்புக் காசநோயை அறுவை இல்லாமல், வெளிநோயாளியாக வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்று காட்டிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று 1970களில் சென்னையில்தான் நடந்தது.

காசநோய்க் கிருமி வரும் வழி வேறு. அது ரத்தத்தின் வழியே வந்து முள்ளெலும்பின் விளிம்பில் தங்கும். ஒரே ரத்தக் குழாய் கிளை பிரிந்து மேலெலும்புக்கும் கீழெலும்புக்கும் போவதால் இரண்டும் சேர்ந்து அரிக்கப்படும். ஆனால் படத்தில் இரண்டு நோயும் அக்கா தங்கை போலத் தெரியும்.

சரி, ஊசி வைத்துச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாமே? பார்க்கிறார்கள். நுண்ணோக்கியில் தெரிவது குருணைக்கட்டி. காசநோயின் அடையாளமும் குருணைக்கட்டிதான்! ‘காசநோய்க்கு ஒத்துப்போகிறது’ என்று அறிக்கை வருகிறது. மாத்திரை தொடங்குகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பையன் மாடிப்படி ஏறும்போது கால் மடங்கி விழுகிறான்.

இரண்டாவது முறை துணுக்கு எடுக்கும்போதுதான் இரண்டு காரியங்கள் செய்கிறார்கள். ஒரு பகுதியை வெள்ளி உப்புச் சாயத்தில் நனைக்கிறார்கள். பழைய காலப் புகைப்படத்தில் வெள்ளி கறுத்ததே, அதே போலப் பூசணத்தின் சுவரில் வெள்ளி படிந்து கறுக்கும். குருணைகளுக்கு நடுவே, உண்டிவில் கவட்டை போலக் கிளைத்த கரிய நூல்கள் தெரிகின்றன. இன்னொரு பகுதியை வளர்ப்புத் தட்டில் வைக்கிறார்கள். சில நாளில் பச்சையாகப் பூக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ்.

இந்த இனத்தின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டும். நிடுலன்ஸ் மரபியலாளர்களின் செல்லப்பிள்ளை. பல்லாண்டுகளாக ஆய்வுக்கூட மேசையில் வளர்க்கப்படுகிறது. மற்ற மனிதர்களை அது சீண்டுவது மிக அபூர்வம். ஆனால் நாள்பட்ட குருணைக்கட்டி நோய் உள்ளவர்களிடம் அடிக்கடி தலைகாட்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நோயாளிகளிடம் வழக்கமான அஸ்பெர்ஜில்லஸை விட நிடுலன்ஸ்தான் பக்கத்து எலும்புக்குள் அதிகமாகப் பாய்கிறது, உயிரையும் அதிகமாக எடுக்கிறது என்று காட்டியது.

ஆகவே இந்தக் கிருமியின் பெயர் வெறும் கிருமியின் பெயராக இல்லை. குழந்தையின் உடம்பில் எந்த இயந்திரம் ஓடவில்லை என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. வேறு கிருமிகளும் இப்படிச் சேதி சொல்லும். சால்மொனெல்லா ஒரு குழந்தையின் எலும்பைத் தாக்கினால் அரிவாளணு ரத்தசோகை உண்டா என்று பார்ப்பார்கள். நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்ட அதே நோய்தான். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியின் சாதுவான கிருமியே எலும்பில் கிளர்ந்தால், சந்தேகம் நோயெதிர்ப்புச் சக்தியின் வேறு சில அறைகளுக்குப் போகும். தோற்க வேண்டிய கிருமி ஜெயித்திருந்தால், கிருமியோடு நிறுத்தாமல் குழந்தையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தை எழுதியதே இந்த ஒரு வரிக்காகத்தான்.

மஞ்சளாகவே இருந்த சாயம்

சோதனை எளிது. 1960களின் கடைசியில் வந்த முறையில், வெளிர் மஞ்சள் சாயம் ஒன்றை வெள்ளணுக்களோடு கலந்து அவற்றைத் தூண்டிவிடுவார்கள். சூப்பர் ஆக்சைடு தயாரானால் சாயம் கருநீலமாகும். நம் பையனின் அணுக்களில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. இப்போது சாயத்துக்குப் பதில், ஒளிரும் பொருளைக் கொண்டு ஒரு கருவியே ஆயிரக்கணக்கான அணுக்களை நொடியில் எண்ணிவிடுகிறது. கொஞ்சம் ரத்தம் போதும்.

அம்மாவின் ரத்தத்தையும் சோதித்தால் ஒரு விநோதம். சில அணுக்கள் நீலம், சில மஞ்சள். ஐந்து துண்டுகளில் பெரிய துண்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வோர் அணுவிலும் ஏதாவது ஒன்று மட்டும் வேலை செய்யும். நல்ல எக்ஸ் விழித்திருக்கும் அணு நீலம், பழுதானது விழித்திருக்கும் அணு மஞ்சள். பாதி அணு வேலை செய்தாலே கிருமியிடமிருந்து அவருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. மகனுக்கு எக்ஸ் ஒன்றுதான், மாற்று கிடையாது. மற்ற துண்டுகளின் மரபணுக்கள் சாதாரணக் குரோமோசோம்களில் உள்ளன. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்யும் சமூகங்களில் இந்த வகை கூடுதலாகத் தெரிவதும், பெண் குழந்தைக்கும் வருவதும் அதனால்தான்.

மருந்துகளின் சண்டை

பெயர் தெரிந்துவிட்டால் சிகிச்சை உண்டு. 2002இல் புழக்கத்துக்கு வந்த வோரிகோனசோல் மாதக்கணக்கில் கொடுக்கப்படும். எலும்பு அரிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அறுவையும் வேண்டியிருக்கும். ‘எதுவாக இருந்தால் என்ன, காசநோய்க்கும் பூசணத்துக்கும் சேர்த்தே மருந்து கொடுத்துவிடலாமே’ என்று தோன்றும். கூடாது. காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசின், ஈரலை முடுக்கிவிட்டு வோரிகோனசோலை ரத்தத்தில் நிற்கவே விடாமல் செய்துவிடும். இரண்டையும் விழுங்குகிற குழந்தைக்குப் பூசண மருந்து கிடைக்கவில்லை என்றே அர்த்தம். ஊகத்துக்கு இங்கே இடமில்லை. துணுக்கு எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வருமுன் காக்கவும் முடியும். 2003இல் வெளியான ஒரு சோதனையில் 39 நோயாளிகள் மாறி மாறி ஓராண்டு இட்ராகோனசோல், ஓராண்டு வெற்று மாத்திரை எடுத்தார்கள். வெற்று மாத்திரைக் காலத்தில் ஏழு பேருக்குக் கடுமையான பூஞ்சைத் தொற்று. மருந்துக் காலத்தில் ஒருவருக்கு மட்டும், அவரும் மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவர். நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று. பொருத்தமான கொடையாளி கிடைத்து, அனுபவமுள்ள மையத்தில் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். மஜ்ஜை மாற்றும்வரை எருக்குழி, வைக்கோல் போர், சருகுக் குவியல் பக்கம் பையன் விளையாடப் போகக் கூடாது. மட்கிய உரத்தைக் கிளறியதாலேயே மூச்சுத் திணறி ஆபத்தான நிலைக்குப் போன நோயாளிகள் உண்டு.

தாய்மாமனைப் பற்றிக் கேளுங்கள்

இந்த நோயில் பழுதான எக்ஸ் பெரும்பாலும் அம்மா வழியாக வருகிறது. அப்படியென்றால் அதே பழுது அம்மாவின் சகோதரனுக்கும் போயிருக்கலாம். ‘எனக்கு ஒரு தம்பி இருந்தான், கைக்குழந்தையிலேயே கட்டி வந்து போய்விட்டான்’ என்று வீட்டில் எப்போதாவது யாராவது சொல்லியிருப்பார்கள். அதை விதி என்று விட்டுவிட்டிருப்பார்கள்.

அந்தப் பழைய பேச்சு ஒரு தடுப்பூசி விஷயத்தில் உதவும். பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. ஆரோக்கியமான குழந்தைகளுக்கு அது அவசியம், தள்ளிப் போடவே கூடாது. நாள்பட்ட குருணைக்கட்டி நோய் உள்ள குழந்தைக்கும், நோயெதிர்ப்புச் சக்தியில் வேறு சில பழுதுகள் உள்ள குழந்தைக்கும் அது தீங்கு செய்யும். நம் ஊரில் அதைப் பிறந்தவுடனே போட்டுவிடுகிறார்கள். ஆகவே உங்கள் குடும்பத்தில், குறிப்பாக அம்மா வழியில், திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தோ காரணம் தெரியாமலோ சின்ன வயதில் இறந்த ஆண் குழந்தை இருந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி போடும் முன் சொல்லுங்கள்.